சபை பிரிந்த கதை – 8: மருந்துப் பெட்டியும் வேதப் புத்தகமும்

1887 ஒக்டோபர் 28. இலண்டனின் பெரும் பிரசங்கியார் சார்ள்ஸ் ஸ்பர்ஜன், பாப்டிஸ்ட் ஒன்றியத்தை விட்டு விலகுவதாக அதன் செயலாளர் பூத்துக்குக் கடிதம் எழுதினார். சென்ற வாரம் அந்த இடத்தில் நிறுத்தினோம்.

தொடரை இடையில் பிடித்தவர்களுக்காகச் சில வரிகள். டார்வினின் நூல் 1859இல் வந்தது. நாம் தவ்ராத் என்று சொல்லும் ஐந்து ஆகமங்களையும் மோசேயே எழுதினார் என்ற நம்பிக்கையை, 1862இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் பிஷப் ஒருவரே கேள்விக்குள்ளாக்கினார். அவர் நேட்டாலில் இருந்த கொலென்சோ. 1877இல் நொட்டிங்ஹாமின் பாப்டிஸ்ட் போதகர் சாமுவேல் கொக்ஸ், நரகம் முடிவில்லாதது அல்ல, இறுதியில் எல்லோரும் மீட்கப்படுவார்கள் என்று ஒரு நூல் எழுதினார். வேதத்தையும் மற்றப் பழைய நூல்களைப் போலவே ஆராயலாம், காலத்தின் அறிவோடு ஒத்துப்போகும்படி விசுவாசத்தைத் திருத்திச் சொல்லலாம் என்ற இந்தப் போக்கைத்தான் இறையியல் தாராளவாதம் என்கிறோம். ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் வளர்ந்த இந்தச் சிந்தனை, பிறகு இங்கிலாந்தின் பிரசங்க பீடங்களிலும் ஏறியது.

ஸ்பர்ஜனுக்கு அது சரிவாகத் தெரிந்தது. அவருடைய மாத இதழில் 1887 மார்ச்சிலும் ஏப்ரலிலும் ‘கீழிறக்கம்’ என்ற தலைப்பில் கட்டுரைகள் வந்தன. ஓகஸ்ட்டில் அவரே பேனாவைக் கையில் எடுத்தார். ஒக்டோபரில் விலகினார்.

ஒன்றியம் திருப்பிக் கேட்டது: யார் அந்தத் தவறான போதகர்கள்? பெயரைச் சொல்லும். ஸ்பர்ஜன் சொல்ல மறுத்தார். 1888 ஜனவரி 18இல் ஒன்றியத்தின் செயற்குழு அவருடைய விலகலை ஏற்றதோடு அவரைக் கண்டித்தும் தீர்மானம் போட்டது.

இனி இந்த வாரம்.

*

கல்முனை, மட்டக்களப்புப் பக்கத்து வாசகர்களுக்கு மிஷன் என்றவுடன் முதலில் நினைவுக்கு வருவது மெதடிஸ்த மிஷன். 1814இல் வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்தார். மறு ஆண்டே நோயில் விழுந்து அங்கேயே இறந்தார். அந்த மரத்தின் கிளைதான் கல்முனை வெஸ்லி பாடசாலை வரை நீண்டது. அந்தச் சபைகளுக்கு மேலே ஒரு மாநாடு உண்டு. எந்தப் போதகர் எந்த ஊருக்குப் போக வேண்டும் என்பதை அந்த மாநாடு தீர்மானிக்கும்.

பாப்டிஸ்ட்டுகள் வேறு வகை. இலங்கைக்கு அவர்கள் மெதடிஸ்தருக்கு முன்னரே வந்துவிட்டார்கள். ஜேம்ஸ் சேட்டர் 1812இல் கொழும்பில் இறங்கினார். ஆனால் அவர்களுக்கு பிஷப் இல்லை, மேல்மாநாடும் இல்லை. ஒவ்வொரு சபையும் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும். போதகரை அழைப்பதும் அனுப்புவதும் அங்கத்தவர்களின் வாக்கு. குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது. அறிவு தெரிந்து, தன் வாயால் விசுவாசத்தைச் சொன்னவரையே நீரில் முழுக்குவார்கள்.

இறக்காமத்திலோ சம்மாந்துறையிலோ இருக்கும் வாசகருக்கு இது புதிதாக இருக்காது. நமது ஊர்களிலும் பள்ளிவாசல் காரியத்தை அந்தந்த ஜமாஅத்தார்தான் கூடிப் பேசித் தீர்மானிக்கிறார்கள். கருத்து வேறுபாடு முற்றினால் அதே ஊரில் இரண்டாவது ஜும்ஆ தொடங்குவதைப் பார்த்திருக்கிறோம். பாப்டிஸ்ட்டுகளின் பிரிவுகளும் இப்படித்தான் நடந்தன. ஆணை மேலிருந்து வருவதில்லை. உள்ளேயிருந்து சிலர் எழுந்து போகிறார்கள்.

1888இன் சிக்கல் முழுவதும் இதில்தான் இருந்தது. எந்தச் சபையும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்ற அதே சுதந்திரத்தால் புதிய இறையியல் உள்ளே வந்தது. அதே சுதந்திரத்தால் எதிர்த்தவர்களும் வெளியேறினார்கள்.

*

1888 ஏப்ரல் 23, திங்கட்கிழமை. இலண்டன் சிட்டி டெம்பிள்.

மண்டபத்தில் நிற்கவும் இடமில்லை. நாட்டின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் பாப்டிஸ்ட் பிரதிநிதிகள் வந்திருந்தார்கள். ஒன்றியத்தின் தலைமை ஜோன் கிளிஃபர்ட்டின் கையில். புதிய ஆராய்ச்சிகளுக்கு அஞ்சாதவர், தொழிலாளர் பக்கம் நின்று பேசியவர். ஸ்பர்ஜன் அங்கே இல்லை. அவரைப் பற்றியே பேசப்போகும் கூட்டத்தில் அவர் மட்டும் இல்லை.

மேசையில் ஒரு பிரகடனம் இருந்தது. வேதம் தேவ ஏவுதலால் வந்தது, மனிதன் வீழ்ந்தான், கிறிஸ்து தெய்வம், விசுவாசத்தால் மீட்பு, கடைசி நாளில் உயிர்த்தெழுதலும் தீர்ப்பும் உண்டு. ஸ்பர்ஜன் கேட்டதெல்லாம் ஏறத்தாழ அதில் இருந்தன. ஆனால் யாருடைய விசுவாசத்தையும் கட்டுப்படுத்தும் அதிகாரம் தனக்கு இல்லை என்று ஒன்றியம் அதே பிரகடனத்தில் சொல்லிக்கொண்டது. கடைசித் தீர்ப்பைப் பற்றி வேறுவிதமாகப் பொருள் கொள்பவர்களும் ஒன்றியத்தில் இருந்திருக்கிறார்கள் என்று ஓர் அடிக்குறிப்பும் சேர்ந்தது.

அக்ரிங்டன் ஊர்ப் போதகர் சார்ள்ஸ் வில்லியம்ஸ் தீர்மானத்தை முன்மொழிந்தார். விசுவாச அறிக்கை ஒன்றை எழுதி அதில் ஒவ்வொருவரையும் கையெழுத்திடச் சொல்லும் யோசனை அவருக்குப் பிடிக்காது. பேச்சிலும் அது தெரிந்தது.

வழிமொழிய எழுந்தவரைக் கண்டதும் மண்டபம் கவனித்தது. எழுந்தவர் ஜேம்ஸ் ஸ்பர்ஜன்.

சார்ள்ஸின் உடன்பிறந்த தம்பி. மெட்ரோபொலிட்டன் டபர்னக்கிளில் அண்ணனோடு சேர்ந்து ஊழியம் செய்யும் உதவிப் போதகர். அண்ணனை அவர் காட்டிக்கொடுத்தார் என்று நான் எண்ணவில்லை. அறிக்கை என்று ஒன்று கிடைத்ததே போதும், அண்ணன் கேட்டதில் பெரும்பகுதி வந்துவிட்டது என்று அவர் நம்பியிருக்க வேண்டும். முன்மொழிந்தவர் இதைத் தாராளத்துக்குக் கிடைத்த வெற்றி என்று எடுத்துக்கொண்டார். வழிமொழிந்தவருக்கோ இது பழைய விசுவாசத்தின் வெற்றி. இரண்டு பேரும் ஒரே தாளுக்குக் கை தூக்கினார்கள்.

வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 2000. எதிர்ப்பு 7.

ஆரவாரம் அடங்க நேரம் எடுத்தது. பலர் நிம்மதியடைந்தார்கள், பிளவு தவிர்ந்தது என்று. ஸ்பர்ஜனுக்கு அந்தச் செய்தி தோல்வியாகவே போய்ச் சேர்ந்தது. தம்பி கை தூக்கியது அவருக்கு வலித்தது.

அவர் புதிய ஒன்றியம் எதையும் தொடங்கவில்லை. 1892 ஜனவரி 31இல் பிரான்சின் மென்டோன் நகரில் இறக்கும்வரை, ஒன்றியத்துக்கு வெளியிலேயே நின்றார். அதற்கு முந்திய ஆண்டு, 1891இல், பொது பாப்டிஸ்ட்டுகள், தனி பாப்டிஸ்ட்டுகள் என்று இரண்டு பிரிவாக இருந்தவர்களும் ஒரே ஒன்றியத்தில் முழுமையாக இணைந்துவிட்டார்கள். வெளிப்பார்வைக்கு ஒற்றுமை வென்றது.

அந்த ஏழு பேர் யாராக இருந்தாலும், வரலாறு அவர்களோடு முடியவில்லை.

*

மண்டபத்துக்குள்ளேயே வராத ஒரு கூட்டம் ஏற்கெனவே வெளியில் இருந்தது. ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட்டுகள்.

அவர்களின் பிரிவு தாராளவாதத்துக்கு முந்தியது. 1815 வாக்கில் ரொபர்ட் ஹோல் என்ற புகழ்பெற்ற பிரசங்கியார், முழுக்கு ஞானஸ்நானம் பெறாத கிறிஸ்தவர்களையும் இராப்போஜனப் பந்தியில் சேர்க்கலாம் என்று எழுதினார். பெரும்பாலான சபைகள் மெல்ல மெல்ல அந்த வழிக்குப் போயின. சிறுபான்மை ஒன்று மறுத்தது. விசுவாசித்து முழுகியவர்தான் பந்தியில் அமரலாம் என்று அவர்கள் கதவை அடைத்தார்கள். மெதடிஸ்தருக்கும் அங்கே இடமில்லை. எவ்வளவு பக்தியுள்ளவராக இருந்தாலும் ஆங்கிலிக்கருக்கும் இல்லை. இந்தக் கடும்பிடி எனக்கு உவப்பானதல்ல. பந்தியில் அந்நியரை அமர்த்தாத சமயம் எந்தப் பெயரில் வந்தாலும் என் மனம் அதோடு ஒட்டுவதில்லை. ஆனால் அந்தப் பிடியின் விளைவை நேர்மையாகச் சொல்ல வேண்டியது என் கடமை.

இவர்கள் பெரும்பாலும் எளியவர்கள். சின்னச் சின்னச் சபைகள். பெரிய மிஷன் சங்கங்களின் பணமும் இல்லை, பல்கலைக்கழகப் பட்டமும் இல்லை. 1861இல், ஸ்பர்ஜன் தமது மாபெரும் டபர்னக்கிளைத் திறந்த அதே ஆண்டில், இந்தச் சிறு சபைகள் காசு சேர்த்துத் தங்களுக்கென ஒரு மிஷனைத் தொடங்கின. அதன் பெயரும் ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன்தான். தமிழ்நாட்டில் ஊழியம் செய்ய ஆட்களை அனுப்பியது.

அப்படி அனுப்பப்பட்டவர்களில் ஒருவர் 1907இல் வந்த ஜெஸ்ஸி பிராண்ட். வயது 22. வீடு கட்டும் தொழில் தெரிந்தவர். இலண்டன் லிவிங்ஸ்டன் கல்லூரியில் ஓர் ஆண்டு வைத்தியப் பயிற்சி எடுத்தவர். முழு வைத்தியர் அல்ல.

அவர் ஏறிய மலை நம் பாடப்புத்தகங்களில் வரும் மலை. வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலை.

*

இன்று கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகள் வழியே வாகனம் போகிறது. நாமக்கல் மாவட்டத்தின் சுற்றுலாத் தலம் அது. ஆகாய கங்கை அருவியைப் பார்க்க ஆட்கள் போகிறார்கள். ஜெஸ்ஸி போன காலத்தில் சேந்தமங்கலத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில் நடந்து ஏற வேண்டும். சமவெளியார் ஏற அஞ்சினார்கள், காரணம் மலைக்காய்ச்சல்.

கிழக்கு மாகாணத்து முதியவர்களிடம் மலேரியாவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். காடு வெட்டிக் கழனி திருத்திய காலத்தில் கொயினாக் குளிசை இல்லாத வீடு இருந்ததா என்று சொல்லுவார்கள். இலங்கை மலேரியாவிலிருந்து விடுபட்டது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்ததே 2016இல்தான். நூறு ஆண்டுக்கு முன் ஒரு மலைக்காட்டில் அது என்ன செய்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம்.

1913இல் சேந்தமங்கலத்தில் ஜெஸ்ஸிக்குத் திருமணம். மணமகள் ஈவ்லின் ஹாரிஸ், அவரைவிட ஆறு வயது மூத்தவர். இலண்டனின் வசதியான வணிகக் குடும்பம். ஓவியம் பயின்றவர். மணம் முடிந்த கையோடு இருவரும் மலை ஏறினார்கள்.

மலைமேல் வாழவந்தி என்ற இடத்தில் அவர்கள் குடியிருந்த மர வீட்டைப் பற்றி ஒரு தகவல் எனக்கு மிகவும் பிடிக்கும். வீடு தரையில் நிற்கவில்லை, தூண்களின் மேல் நின்றது. ஒவ்வொரு தூணின் தலையிலும் ஓர் உலோகத் தட்டு கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது, கறையான் ஏறாமல் இருக்க. கொத்தனாரின் கையும் மிஷனரியின் பொறுமையும் சேர்ந்த வேலை.

வைத்தியம் அந்த வீட்டின் தாழ்வாரத்தில் நடந்தது. பல் பிடுங்குவார். கட்டியைக் கீறிச் சீழை எடுப்பார். அந்த மலையில் அதிகம் கண்டது நரம்புச் சிலந்தி என்ற நோய். படிக்கிணற்றில் இறங்கித் தண்ணீர் மொள்ளும்போது, புண்ணோடு வந்தவரின் காலிலிருந்து புழுக் குஞ்சுகள் தண்ணீரில் கலக்கும். அந்தத் தண்ணீரைக் குடித்தவரின் உடலில் அது ஓராண்டு வளர்ந்து, முழ நீளத்துக்கும் மேலாகி, காலில் கொப்புளமாக வெடித்துத் தலை நீட்டும்.

அதை வெட்ட முடியாது. இழுத்தால் அறுந்து உள்ளே அழுகும். ஜெஸ்ஸி ஒரு சிறு குச்சியை எடுப்பார். புழுவின் நுனியை அதில் சுற்றுவார். ஒரு நாளைக்குச் சில அங்குலம். மறுநாள் இன்னும் கொஞ்சம். முழுப் புழுவும் குச்சிக்கு வர நாட்கள், சில சமயம் வாரங்கள். இதைப் பக்கத்தில் நின்று பார்த்த ஒரு சிறுவன் இருந்தான். 1914இல் பிறந்த மூத்த மகன் போல். பிற்காலத்தில் வேலூரில் தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை நிமிர்த்தி உலகப் புகழ் பெற்ற டொக்டர் போல் பிராண்ட் அவர்தான்.

புழுவை எடுத்தால் மட்டும் போதாது என்று ஜெஸ்ஸிக்குத் தெரியும். கிணற்றுக்குள் இறங்காதீர்கள் என்று ஊர் ஊராகச் சொன்னார். தச்சு வேலை கற்றுக் கொடுத்தார். பள்ளிக்கூடம் வைத்தார். மாலையில் வேதத்தைத் திறந்து பிரசங்கம் செய்தார்.

கேட்டார்கள், போனார்கள். ஆண்டுக்கணக்கில் ஒருவரும் சேரவில்லை.

இதை அழுத்திச் சொல்கிறேன். மருந்து கொடுத்து மதம் வாங்கினார்கள் என்ற குற்றச்சாட்டு மிஷனரிகள்மேல் உண்டு. பல இடங்களில் அதற்கு ஆதாரமும் உண்டு. வாழவந்தியில் மருந்து வாங்கியவர்கள் மருந்தை வாங்கிக்கொண்டு தங்கள் சாமியிடமே திரும்பிப் போனார்கள். மறுநாள் வந்தபோதும் மருந்து கிடைத்தது.

திருப்பம் 1918–19இல் வந்தது. உலகத்தைச் சுற்றிய விஷக் காய்ச்சல் கொல்லிமலையையும் ஏறியது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் அதில் இறந்தார்கள் என்பது கணிப்பு. மலைக் குடிசைகளில் குடும்பம் குடும்பமாக விழுந்தார்கள். தண்ணீர் எடுத்துக் கொடுக்கவும் ஆள் இல்லை. ஜெஸ்ஸியும் ஈவ்லினும் பெரிய பாத்திரங்களில் கஞ்சி காய்ச்சி வீடு வீடாகக் கொண்டுபோய் ஊற்றினார்கள்.

மிஷனுக்குக் கடும் எதிரியாக இருந்தவர் அந்தப் பகுதிப் பூசாரி. மலையில் யாரும் கிறிஸ்தவத்தின் பக்கம் போகக்கூடாது என்று தடுத்து வைத்திருந்தவர் அவர். அவரும் காய்ச்சலில் படுத்தார். அவருடைய ஆட்கள் பயந்து நெருங்கவில்லை. வந்தவர் ஜெஸ்ஸி. இறக்கும் தறுவாயில் பூசாரி தம் கைக்குழந்தையை வளர்க்கும்படி அந்தத் தம்பதியிடம் ஒப்படைத்தார்.

பூசாரியே பிள்ளையைக் கொடுத்த பிறகு, மலையில் அவர்களைப் பற்றிய அச்சம் விலகியது. கொல்லிமலையில் சபை உருவானது அதன் பிறகுதான்.

*

இந்த இடத்தில் கொல்லிமலையை விட்டுக் கொஞ்சம் வெளியே பார்க்க வேண்டும். அதே ஆண்டுகளில் அமெரிக்காவில் தாராளவாதச் சண்டை உச்சத்துக்கு வந்தது.

1922 மே 21இல், நியூயோர்க்கில், ஹாரி எமர்சன் ஃபொஸ்டிக் என்ற பாப்டிஸ்ட் போதகர், பழைமைவாதிகள் வெல்லப் போகிறார்களா என்று கேட்டுப் பிரசங்கம் செய்தார். வேதத்தில் பிழை இல்லை, கன்னிப் பிறப்பு சரித்திரம் என்று நம்பாதவரும் நல்ல கிறிஸ்தவரே என்பது அவர் வாதம். எண்ணெய்க் கோடீஸ்வரர் ரொக்ஃபெல்லரின் குடும்பமும் பாப்டிஸ்ட்தான். ஜோன் ரொக்ஃபெல்லர் இளையவர் ஃபொஸ்டிக்கின் பக்கம் நின்றார். 1930இல் ஃபொஸ்டிக்குக்காக எழுந்த ரிவர்சைட் ஆலயத்துக்குப் பணம் கொடுத்தவரும் அவரே.

அவரே பணம் கொடுத்து அனுப்பிய ஆய்வுக் குழு ஒன்று 1931–32இல் இந்தியா, பர்மா, சீனா, யப்பான் நாடுகளைச் சுற்றி வந்தது. தலைவர் ஹாவர்ட் தத்துவப் பேராசிரியர் ஹொக்கிங். குழுவின் அறிக்கை மிஷன்களை உலுக்கியது. ஆஸ்பத்திரியும் பள்ளியும் தம்மளவிலேயே சேவை, அவற்றோடு நேரடிப் பிரசங்கத்தைக் கட்டக் கூடாது, மற்றச் சமயங்களோடு சேர்ந்து உண்மையைத் தேட வேண்டும் என்று அது சொன்னது.

இந்த அறிக்கையில் நியாயம் உண்டு என்பது என் எண்ணம். காய்ச்சலில் கிடப்பவன் தன் முன் மருந்தோடு வந்து நிற்பவரின் பிரசங்கத்தை மறுக்க எவ்வளவு சுதந்திரம் உள்ளவன்? இந்தக் கேள்வியைக் கேட்டதற்காகவே தாராளவாதிகளுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். முஸ்லிம்களாகிய நாம், பிறருடைய பள்ளிக்கூடங்களில் படித்து நம் மார்க்கத்தோடு வீடு திரும்பியவர்கள். அந்தக் கேள்வியின் கனம் நமக்குத் தெரியும்.

ஆனால் எதிர்த் தரப்பில் நின்றவர்களையும் கேட்க வேண்டும். பிலிப்பைன்ஸில், இலோயிலோ நகரின் மிஷன் ஆஸ்பத்திரியில் ரஃபேல் தோமஸ் என்று ஒரு பாப்டிஸ்ட் வைத்தியர் இருந்தார். ஆஸ்பத்திரி வேலையோடு நில்லும், ஊர் ஊராகப் பிரசங்கம் வேண்டாம் என்று மிஷன் சபை அவரைக் கட்டுப்படுத்தியது. அவர் விலகினார். 1927இல் லூசி பீபொடி என்ற அம்மையாரோடு சேர்ந்து, எந்த ஒன்றியத்துக்கும் கட்டுப்படாத ஒரு பாப்டிஸ்ட் மிஷனைத் தொடங்கினார். 1932இல் சிக்காகோவில், வட பாப்டிஸ்ட் அமைப்பிலிருந்து பிரிந்த சபைகள் கூடித் தனிக் கூட்டுறவு அமைத்தன. இன்று ‘சுயாதீன பாப்டிஸ்ட்’ என்ற பெயரில் உலகமெங்கும் நிற்கும் சபைகளின் வேர்களில் முக்கியமானவை இவை.

இந்தச் சண்டையைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக ஒரு கோடு போடுவார்கள். தாராளவாதிகள் இந்த உலகத்தைப் பார்த்தார்கள், ஏழையின் கூலியை, நோயை, கல்வியை. பழைமைவாதிகள் மறுவுலகத்தையே பார்த்தார்கள். நியூயோர்க்கில் அந்தக் கோடு ஓரளவு சரி. வாழவந்தியில் அது அழிந்துவிடுகிறது. பந்தியில் அயல் சபையாரைச் சேர்க்காதவர்கள், நரகம் உண்டு என்று உறுதியாக நம்பியவர்கள், படிக்கிணற்றின் ஓரத்தில் குந்தியிருந்து குச்சியில் புழுவைச் சுற்றினார்கள். மருந்துப் பெட்டியை ஒருவரிடமும் வேதப் புத்தகத்தை இன்னொருவரிடமும் கொடுக்க அவர்களால் முடியவில்லை. ஒருவர் எதை நம்புகிறார் என்பதை வைத்து அவர் கை என்ன செய்யும் என்று ஊகிக்க முடியாது என்பதை ஜெஸ்ஸியின் கதையிலிருந்தே நான் தெரிந்துகொண்டேன்.

*

1923இல் பிராண்ட் தம்பதியர் விடுமுறையில் இங்கிலாந்து போனார்கள். திரும்பும்போது போலையும் தங்கை கொனியையும் படிப்புக்காக உறவினரிடம் விட்டுவிட்டு வந்தார்கள். போலுக்கு அப்போது வயது 9. தந்தையை அவன் அதன் பிறகு பார்க்கவில்லை. கடிதங்கள் மட்டும் கப்பலில் வாரக்கணக்கில் பயணம் செய்து வந்தன.

1929 ஜூன். ஜெஸ்ஸிக்கு மறுபடியும் காய்ச்சல். பத்து நூறு தடவை வந்து போன மலேரியாதான் என்று முதலில் நினைத்திருப்பார்கள். இந்த முறை சிறுநீர் கறுத்தது. கருநீர்க் காய்ச்சல். மலேரியா திரும்பத் திரும்பத் தாக்கியவர்களுக்கு, இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து வரும் கொடிய நிலை அது. மலைக்கு வைத்தியர் வந்து சேரும் வழி இல்லை. மலைக்கு வைத்தியராக இருந்தவரே அவர்தான்.

ஜூன் 15இல் உயிர் பிரிந்தது. வயது 44.

மலை மக்கள் பாயில் சுற்றி எடுத்துப் போய், அங்கேயே குழி வெட்டி அடக்கினார்கள். அவர்களில் சபையில் சேர்ந்தவர்களும் இருந்தார்கள், கடைசிவரை சேராதவர்களும் இருந்தார்கள்.

இலண்டனுக்குத் தந்தி முதலில் போனது. அதன் பின்னர்தான், சாவதற்கு முன் ஜெஸ்ஸி மகனுக்கு எழுதிய கடிதம் கப்பலில் போய்ச் சேர்ந்தது. இறந்துவிட்ட தந்தை உயிரோடு மலையைப் பற்றி எழுதியதைப் பதினைந்து வயது நிரம்பாத பையன் வாசித்தான்.

ஈவ்லினுக்கு ஐம்பது வயது. அந்தக் காலத்தில் மிஷனரிப் பெண்ணுக்கு ஓய்வை நினைக்கும் வயது. கணவனும் மனைவியும் முன்பு ஒரு கனவு பேசி வைத்திருந்தார்கள். கொல்லிமலை மட்டுமல்ல, சுற்றியுள்ள மற்ற மலைத்தொடர்களுக்கும் போக வேண்டும். பச்சைமலை, கல்வராயன், சித்தேரி என்று சமவெளியிலிருந்து பார்த்தாலே தெரியும் நீல வரிசைகள். அவற்றில் ஒன்றுகூட இன்னும் தொடப்படவில்லை.

அவர் மலைக்குத் திரும்ப விரும்பினார். மிஷனின் செயற்குழுவோ இலண்டனில் கூடும். துணை இல்லாத ஒரு விதவையைக் காய்ச்சல் மலையில் தனியாக விடுவதா, சமவெளியில் பாதுகாப்பான இடத்தில் வைப்பதா என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் அவர்கள். அவர்கள் தயங்கியதற்குக் காரணம் உண்டு. வாழவந்தியில் ஒரு கல்லறை ஏற்கெனவே இருந்தது.

ஆனால் அந்த மிஷனை எழுப்பியவர்கள் யார் என்பதை நினைத்துப் பாருங்கள். 2000 பேர் ஒரு பக்கம் போனாலும் தாங்கள் போகமாட்டோம் என்று நின்ற மரபு அவர்களுடையது. தங்கள் சபைக்கு மேலே எந்த ஒன்றியத்தையும் எந்த மாநாட்டையும் ஏற்காதவர்கள். அப்படிப்பட்டவர்களின் செயற்குழு ஒருநாள், “அம்மா, நீங்கள் இனி மலைக்குப் போக வேண்டாம்” என்று கட்டளையிட்டால், அவர்களிடமே சுதந்திரத்தைக் கற்ற ஈவ்லின் பிராண்ட் யாருக்குக் கீழ்ப்படிவார்?

(தொடரும்)